குடித்தனக் கணக்கு: வெந்நீருக்கு என்ன விலை?

துவாரகையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. கண்ணபிரான் ஆண்ட துவாரகை அன்று. டில்லியின் தென்மேற்கு மூலையில் அடுக்கு வீடுகள் நிறைந்து நிற்கும் துவாரகை. அவர் வீட்டுக் குளியலறையில் பத்து வருஷமாக உழைத்த கீஸர், குளிர் உச்சத்தில் இருக்கும் இந்த வேளை பார்த்துச் சொட்டத் தொடங்கிவிட்டது. பழுது பார்க்க வந்தவர், "இனி இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். புதியது வாங்கிப் பொருத்தப் பத்தாயிரம் ஆகும் என்கிறார்கள். அடுத்த வீட்டாரோ, "காஸ் கீஸர் போட்டுவிடுங்கள், ஐயாயிரத்துக்குள் முடியும், மாதச் செலவும் பாதிதான்" என்று யோசனை சொல்கிறார்களாம். "வயதான மாமியார் இருக்கிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறான். குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேல் ஒரு சிறு துவாரம் மட்டும் உண்டு. எதை வாங்கட்டும்?" என்று முடித்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரியில் ஜன்னலைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அங்கேதான் இந்தக் கணக்கின் முக்கியமான பகுதி இருக்கிறது. ஆயினும் அவர் கேட்டது ரூபாய்க் கணக்கு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு ஜனவரியில் இதே கதை நடந்தது; ஆகையால் இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் கீஸருக்கு வயது பன்னிரண்டு. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒருமுறை சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோயிற்று. மற்றொரு முறை தெர்மோஸ்டாட் கெட்டது. சாமான் விலையும் கூலியும் சேர்த்து அந்த இரண்டிற்கும் 1,650 ரூபாய் கொடுத்தேன். அது வீண் செலவு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கம்பிச்சுருள், தெர்மோஸ்டாட், பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றும் மாற்றத் தக்க உறுப்புகள். அவை கெட்டதற்காகக் கீஸரையே தூக்கி எறிவது, செருப்பு வார் அறுந்ததற்காகப் புதுச் செருப்பு வாங்குவது போலாகும். ஆனால் உள்ளே இருக்கும் தொட்டியே அரித்து ஓட்டை விழுந்துவிட்டால், அதற்கு மருந்தில்லை. சொட்டுவது எங்கிருந்து என்று பார்க்கவேண்டும். வால்வின் வாயில் சில துளிகள் சொட்டினால், சூட்டில் நீர் விரிந்து வழிகிறது, அவ்வளவே. குழாய் இணைப்பில் சொட்டினால் ஐம்பது ரூபாய் வாஷர் போதும். வெளிக்கூட்டின் அடியிலிருந்து துருக்கலந்த நீர் கசிந்தால் தொட்டியின் ஆயுள் முடிந்தது. சகோதரி இதை ஒருமுறை தாமே கண்ணால் பார்த்துவிட்டு மேலே யோசிக்கட்டும்.

எங்கள் கீஸரைக் கழற்றியபோது மெக்கானிக் எனக்கு ஒரு பொருளைக் காட்டினார். தொட்டிக்குள் மக்னீசியத்தாலான ஒரு தண்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீரிலுள்ள அரிக்கும் தன்மை தொட்டியின் இரும்பைத் தொடாமல் இந்தத் தண்டைத் தின்று பசியாறும் என்பது ஏற்பாடு. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். எங்கள் வீட்டுத் தண்டு நடுக்கம்பி மட்டும் மிஞ்சி, தின்று போட்ட மீன் முள்ளைப் போல் இருந்தது. பன்னிரண்டு ஆண்டில் ஒருநாளும் அதை நான் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் வரும் வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பிச்சுருளின்மேல் சுண்ணாம்பு போல் வெள்ளைப் படிவு ஏறும். "படிவு ஏறினால் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்று பலரும் சொல்வார்கள். அது அவ்வளவு சரியன்று. நீருக்குள்ளேயே இருக்கும் சுருள் உண்டாக்கும் சூடு நீரைத் தவிர வேறெங்கே போகும்? சற்றுத் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் படிவு போர்த்திய சுருள் தன் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் எரிந்துபோகும்.

இனி மாதச் செலவைப் பார்ப்போம். டில்லியில் ஜனவரிக் காலையில் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 டிகிரியில் 20 லிட்டர் வெந்நீர் விட்டுக் குளிக்க 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். இது பௌதிகக் கணக்கு. எந்தக் கம்பெனியும் இதைக் குறைத்துத் தர முடியாது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 73 யூனிட் ஆகும். டில்லியில் 2019-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி முதல் 200 யூனிட்டுக்கு மூன்று ரூபாய், அடுத்த 200-க்கு நாலரை ரூபாய், அதற்குமேல் 800 வரை ஆறரை ரூபாய். மற்ற மேல்வரிகள் தனி. ஆக ஒரு குளியலுக்கு இரண்டு ரூபாய் முதல் நான்கு ரூபாய் வரை.

ஆனால் வரம்புகளைக் கவனிக்கவேண்டும். 2019 ஆகஸ்டில் டில்லி அரசு தொடங்கிய சலுகைத் திட்டப்படி, 200 யூனிட்டுக்குள் நின்றால் கட்டணமே இல்லை. 400 வரை பாதித் தள்ளுபடி, அதுவும் 800 ரூபாய்க்குள். 400-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் தள்ளுபடி முழுதும் போயிற்று. எனவே 190 யூனிட்டில் அடங்கிய சிறு குடும்பத்தில் இந்த 73 யூனிட் சேர்ந்தால், வெந்நீரின் விலை நாம் போட்ட கணக்கைவிடப் பெரிதாகிவிடும். இந்த நிலையில் இருப்பவர்கள் கீஸரைக் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு நிறுத்துவது நல்லது. நாள் முழுதும் எரியவிட்டால், தொட்டியில் சும்மா நிற்கும் நீரின் சூடு கசிவதற்கே தினம் அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை போகும்.

கடைக்காரர் பெருமையோடு காட்டும் நட்சத்திரங்களின் பொருளும் இதுவே. ஐந்து நட்சத்திரக் கீஸர் தண்ணீரைக் குறைந்த மின்சாரத்தில் சூடாக்குவதில்லை; சூடான தண்ணீரை நெடுநேரம் சூடாகவே வைத்துக்கொள்கிறது. எப்போதும் வெந்நீர் தயாராக வேண்டும் என்போர் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். காலையில் இருபது நிமிடம் போட்டு நிறுத்திவிடும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு நட்சத்திர வித்தியாசம் பெரிய வித்தியாசமன்று.

காஸ் கீஸரின் கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் டில்லியில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 853 ரூபாய். கிலோ அறுபது ரூபாய். அதே 20 லிட்டர் குளியலுக்குச் சுமார் 60 கிராம் காஸ் எரியும். அதாவது மூன்றரை ரூபாய். "மாதச் செலவு பாதிதான்" என்று அடுத்த வீட்டார் சொன்னது எந்தக் கணக்கில் என்பது எனக்கு விளங்கவில்லை. மிச்சமாவது வாங்கும் விலையில் ஒரு நாலைந்தாயிரம் மட்டுமே.

அந்த நாலைந்தாயிரத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடுக்கு வீட்டுக் குளியலறை பெரும்பாலும் 5 அடிக்கு 4 அடி, உயரம் 8 அடி. அதில் அடங்கும் காற்று நாலரைக் கன மீட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் காஸ் கீஸர் பத்து நிமிடம் எரிந்தால், அதன் சுடர் இரண்டு கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றின் பிராணவாயுவைக் குடித்துவிடும். அறையின் காற்றில் ஏறத்தாழப் பாதி! கதவைத் தாழிட்டு, குளிருக்குப் பயந்து மேல்துவாரத்தையும் துணியால் அடைத்துவிட்டால், சுடருக்குப் போதிய பிராணவாயு கிட்டாமல் அது அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குளிப்பவருக்குத் தலை லேசாகச் சுற்றும். வெந்நீரின் சுகம் என்று நினைப்பார். பிறகு கால் மடங்கும். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும்.

எனக்கு நெருங்கிய உறவில் ஒரு பெண், வேறு நகரத்தில் குடித்தனம் செய்பவள், இவ்விதம் இரண்டு முறை விழுந்தாள். முதல் முறை பல்லும் கையும் இழுத்துக்கொண்டதைக் கண்டு காக்காய் வலிப்பு என்று தீர்மானித்தார்கள், மருந்தும் தொடங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் பட்ட வேதனையை நான் விவரிக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியதையும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது முறையும் அதே அறையில், குளிக்கும்போதே விழுந்தாள் என்பதை ஒரு வயதான டாக்டர் கவனித்து, "வீட்டில் காஸ் கீஸரா?" என்று கேட்டார். கீஸர் போயிற்று, வலிப்பும் போயிற்று. இது எங்கள் உறவில் மட்டும் நடந்த விந்தை அன்று. காஸ் கீஸரின் நச்சு வலிப்பு போலவும் பக்கவாதம் போலவும் வேடம் போடும் என்று நம் நாட்டு மருத்துவர்கள் மருத்துவ ஏடுகளில் எழுதியே இருக்கிறார்கள். மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துக்கொண்டு உறங்கி மறுநாள் எழுந்திராதவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் பத்திரிகையில் படிக்கிறோமே, அவர்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

நம் ஊர் வீடுகளிலும் நெருப்பு வைத்துத்தானே வெந்நீர் போட்டார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். நடுவில் குழல் வைத்து அடியில் கரியும் தேங்காய் மட்டையும் போட்டு எரித்த செப்பு பாய்லர் எங்கள் பாட்டி வீட்டிலும் இருந்தது. ஆனால் அது கொல்லைப்புறத்தில், வானம் பார்த்த இடத்தில் நின்றது. வெந்நீரை வாளியில் மொண்டு உள்ளே எடுத்துப் போவோம். நாமோ வெந்நீரோடு அடுப்பையும் குளியலறைக்குள் கொண்டுபோகிறோம். காஸ் கீஸர்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் அதைத் திறந்த பால்கனியில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவரட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜன்னலற்ற அறைக்கு மின்விசிறி வைத்துவிட்டேன் என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விசிறியைப் போட மறப்பது ஒரே ஒரு நாளாக இருந்தாலும் போதுமே.

மின்சாரக் கீஸருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. எர்த் இணைப்பு சரியாக இருக்கவேண்டும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருகவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் மெயின் பெட்டியில் இருக்கவேண்டும். பழைய வாடகை வீடுகளில் இவற்றில் ஒன்றோ இரண்டோ இல்லாமலிருப்பதே வழக்கம். அதுவரை, தண்ணீர் சூடானதும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிறகு குளிக்கப் போவது எங்கள் வீட்டுச் சட்டம்.

சூரிய வெப்பக் கீஸரைப் பற்றிப் பெங்களூர் அன்பர்கள் கேட்பார்கள். சொந்த மாடி உள்ளவர்களுக்கு அது நல்லதே. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மொட்டை மாடியில் உரிமை ஏது? டில்லியின் ஜனவரி மூடுபனியில் சூரியனும் விடுமுறை எடுத்துக்கொள்கிறான்.

ஆகவே, துவாரகைச் சகோதரிக்கு என் பதில்: 15 லிட்டர் மின்சாரக் கீஸரே வாங்குங்கள். நால்வர் ஒருவர்பின் ஒருவராகக் குளிக்க அது போதும். வாங்கும்போது மக்னீசியத் தண்டு எப்போது மாற்றவேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சொல்லும் விலையோடு செலவு நிற்காது என்பதையும் அறிந்து பணம் எடுத்து வையுங்கள். எங்களுக்குக் கீஸர் 7,900 ரூபாய். இரண்டு இணைப்புக் குழாய்கள் 450. பொருத்தும் கூலி 600. கருகிப்போயிருந்த பழைய பிளக்கையும் ஒயரையும் மாற்ற 1,100. மொத்தம் 10,050 ரூபாய். பழைய கீஸரைக் கபாடிக்காரர் நிறுத்துப் பார்த்து 550 ரூபாய் கொடுத்தார். கடை எக்ஸ்சேஞ்சில் 300 ரூபாய்க்குமேல் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தது. 250 ரூபாயை வரவில் எழுதிக்கொண்டேன்.