ஓரியின் பொன்னும் பாணனின் வழியும்

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் வல்வில் ஓரியின் சிலையை நேயர்களில் பலர் கண்டிருக்கக் கூடும். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அவன் வீழ்த்திய கதையைச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். புறநானூற்றில் வன்பரணர் அந்த வேட்டையோடு சேர்த்துச் சொல்லும் மற்றொரு விஷயத்தைத்தான் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நாடு நாடாய் அலைந்து வந்த கலைஞர் கூட்டம் ஒன்று, வேடன் இன்னாரென்று அறியாமலே அவன் முன்னிலையில் யாழும் முழவும் இசைத்துப் பாடிற்று. தன் பெயரைக் கேட்டதும் ஓரி நாணினான். மானிறைச்சியும் மதுவும் அளித்து (மதுவிலக்கு அன்பர்கள் சங்க காலத்தை மன்னிப்பார்களாக!), தன் மலையில் விளைந்த பொன்னையும் வழங்கினான். அடுத்த பாட்டிலே அதே புலவர் ஒரு விசித்திரம் சொல்கிறார். ஓரியிடம் பரிசு பெற்ற பாணர்கள், பசி தீர்ந்தமையால் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்து போனார்களாம்! கொடையைப் புகழ்வதே புலவர் கருத்து. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. பொன் கலைஞனைக் காப்பாற்றியது, சரி. கலையை யார் காப்பாற்றுவது?

இதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வான். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தில், பாறை எங்கே வழுக்கும், பாம்பு எங்கே இருக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், நன்னன் எத்தகையவன் என்பதெல்லாம் சொல்லப்படுகின்றன. தொழிலின் சூட்சுமத்தைப் போட்டிக்கு வரக்கூடியவனுக்கே சொல்லிக் கொடுப்பது எத்தகைய பெருந்தன்மை!

அயல்நாட்டுக்குப் போன கலைஞனுக்கு இந்த உதவி இரு மடங்கு அவசியம். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் சென்றபோது, ஸ்வாதித் திருநாள் மகாராஜா அவருக்கு 1834-இல் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அதனினும் பெரிது, அவர் வித்தை விளங்குவதற்குச் சபையையும் வேலையையும் கொடுத்ததாகும். நம் காலத்தில் கனடா தேசத்து டொரான்டோ நகரில், புதிதாகவும் அகதியாகவும் வந்த கலைஞர்களை மூத்த கலைஞர்களோடு இணைத்து வைக்கும் திட்டம் ஒன்று ஏற்பட்டது. ஆற்றுப்படையின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்லலாம்.

நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர் இங்கே முகாம்களில் வாழ்ந்து வருகிறார்கள். 2021-இல் அம்முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. அவர்களிடையே நாதஸ்வரமும் கூத்தும் அறிந்தவர் இருக்கமாட்டார்களா? அரிசியும் பணமும் வேண்டியவைதான். ஆனால் எந்தச் சபாவின் காரியதரிசியைக் காண வேண்டும், எவ்வளவு சன்மானம் கேட்பது நியாயம், எந்தக் கோவில் உற்சவத்தில் இடமுண்டு என்பதையெல்லாம் அவர்களுக்கு யார் சொல்வது?

ஓரியைப் போல் பொன்னை அள்ளிக் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு இயலும்? வழி சொல்வதற்கோ வாய் ஒன்று போதும். ஊருக்கு ஒரு வித்வான், புதிதாய் வந்த ஒரு கலைஞனைத் தன் மேடையில் ஒரு நாள் உட்கார வைக்கட்டும். பாடுகிறவன் பாட்டை மறக்காமலிருக்க அதுவே மருந்து.