திருப்பி அனுப்பினால் போதுமா?

இரத்ததானம் செய்ய 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். முகாம்களில் மாணவியர் பலர் இதனால் திருப்பி அனுப்பப்படுகின்றனர். "இரத்தம் போதாது" என்ற ஒரு சொல்லோடு கதை முடிகிறது. முடியலாமா?

பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இக்குறை உண்டு. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தச் சோர்வுக்குத்தான் நாம் "சோம்பல்" என்று பெயர் சூட்டுகிறோம்!

கீரை, பயறு, கம்பு ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சையும் நெல்லியும் அதை உடலில் சேர்க்கும். உண்டவுடன் பருகும் தேநீர் தடுக்கும். குறை மிகுந்தால் உணவு மட்டும் போதாது; மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் தேவை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எனவே ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்கலாகாது, பொறுமை வேண்டும்.

முகாம் நடக்கும் நாளில், விலங்கியல் மாணவர் இருவர் அமர்ந்து சீட்டிலுள்ள எண்ணை விளக்கினால் என்ன? எங்கள் வீட்டில் அச்சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இங்கு பலரின் நிலையும் அதுவே. நாம் கற்றால் அம்மாவின் சீட்டும் படிக்கப்படும் அன்றோ?