பாதியில் நிறுத்தும் பக்குவம்

போன வாரம் என் காலை நிகழ்ச்சிக்கு ரிங்லெட்டிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். முட்டைக்கோஸ் பயிரிடுபவர். “தங்கச்சி, 2022இல் உக்ரைனில் சண்டை, கேஸ் விலை ஏறுச்சு. இங்க என் யூரியா மூட்டை ஏன் ஏறணும்?” என்றார். பாட்டுப் போட்டுச் சமாளித்துவிட்டேன். நானும் ரிங்லெட் லயத்தில் பிறந்தவள்தான். பதில் தெரியாதது உறுத்தியது. தேடிப் படித்தேன்.

அண்ணே, யூரியாவின் மூலப்பொருளே கேஸ்தான். கெடாவின் குருண், சரவாக்கின் பிந்துலு, சபாவின் சிப்பித்தாங் ஆலைகளில் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் அதைச் செய்கிறார்கள். அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் இறுகப் பிடித்திருக்கும், லேசில் பிரியாது. 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், நீராவியோடு சேர்த்து நிக்கல் மேல் செலுத்தினால் ஹைட்ரஜன் கழன்று வரும். அது காற்றிலுள்ள நைட்ரஜனோடு, இரும்பின் துணையால் சேர்ந்தால் அம்மோனியா. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா.

நிக்கலும் இரும்பும் கல்யாணத் தரகர் மாதிரி. காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பள்ளியில் ‘மங்கின்’ என்று படித்தோமே, அதுதான் வினையூக்கி.

லாபுவானில் இதே வாயுவிலிருந்து மெத்தனால் செய்கிறார்கள். பசை, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அங்கேயும் இதே உலைச் சூடு. அந்தச் சூட்டுக்கும் கேஸையே எரிக்கவேண்டும். குறைந்த சூட்டில், ஒரே படியில் மீத்தேனை மெத்தனாலாக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மீத்தேனைவிட மெத்தனால் சீக்கிரம் வினைபுரியும். பாதியில் நிற்காமல் கரியமில வாயுவாகவே போய்விடும்.

இது என் அப்பாவுக்கு உடனே புரியும். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பார்த்தவர். நசுக்கிய கொழுந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும்போது, சரியான நேரத்தில் சூடு காட்டி நிறுத்தவேண்டும். தாமதித்தால் தூளில் உயிர் இருக்காது.

மீத்தேனை ஒரே படியில் மெத்தனாலாக்கும் வித்தை, மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களுக்குக் கைவந்திருக்கிறது. உலை வேண்டாம், உடம்பிலுள்ள நொதியே அவற்றுக்கு வினையூக்கி. ஆனால் நைட்ரஜன் உரம் மிகுந்தால் அவற்றின் வேலை மந்தப்படுவதும் உண்டு.

கேஸ் விலை நம் கையில் இல்லை, அண்ணே. மழைக்கு முன்னால் அள்ளிப் போட்டு ரிங்லெட் ஏரிக்கு அனுப்பாமல், பயிருக்கு வேண்டிய அளவு மட்டும் போடுவது நம் கையில் இருக்கிறது. அப்பா சொல்வது போல, எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தொழில்தான்.