காலை ஆகாரமும் தலையெழுத்தும்

துறையூரிலும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலும் சர்க்கரை வியாதிக்காரரைக் கேட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1970-களில் கணக்கெடுத்தபோது, பட்டணத்திலேயே 100-க்குச் சுமார் 2 பேருக்குத்தான் இவ்வியாதி இருந்தது. 2023-ல் வெளியான கணக்கிலோ தேசம் முழுவதும் வயது வந்தவர்களில் 100-க்கு 11 பேர், அதாவது 10 கோடிக்கு மேல். பரிசோதனை முறை மாறியதற்கென்று ஒரு பங்கைக் கழித்தாலும், ஐம்பது வருஷத்திற்குள் பிரம்மாவின் கையெழுத்து இவ்வளவு பெருத்துப் போவானேன் என்று கேட்கிறோம்.

வம்சம், உடலுழைப்புக் குறைவு, தொந்தி முதலிய காரணங்கள் பல உண்டு. நாம் இங்கு பேசுவது காலை ஆகாரத்தைப் பற்றி மாத்திரமே.

மாவுப் பண்டம் எதுவானாலும் வயிற்றில் சர்க்கரையாக மாறித்தான் இரத்தத்தில் சேருகிறது. உமி, தவிடு நீக்கி, நைசாய் அரைத்து, குழைய வேகவைத்தது சீக்கிரம் சேரும். பருப்பு, பயறு, முட்டை, காய்கறி இவைகளோடு கலந்தது மெதுவாய்ச் சேரும். இந்த வேகத்தை அளக்கும் முறையை 1981-ல் கனடா தேசத்து ஜென்கின்ஸ் என்பவரும் அவரது கூட்டத்தாரும் வெளியிட்டார்கள். 1995-ல் ஆஸ்திரேலியாவில் ஹோல்ட் என்ற அம்மையாரும் மற்றவர்களும், ஒரே அளவு சக்தியுள்ள 38 பண்டங்களைக் கொடுத்து எது பசியை அதிகம் அடக்குகிறது என்று பார்த்தார்கள். வெறும் வெள்ளை ரொட்டியைவிட அவித்த உருளைக்கிழங்கு மூன்று மடங்குக்கு மேல் அடக்கிற்று. ஆனால் அதே கிழங்கு இரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றவும் செய்யும். ஆகவே வயிறு நிரம்புவது வேறு, சர்க்கரை ஏறுவது வேறு. இரண்டையும் பார்த்தே ஆகாரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

நம்மவர்கள் பார்ப்பதோ கௌரவத்தை! கூழும் கம்பஞ்சோறும் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு, தண்ணீர்ச் சட்னியோடு நாலு இட்டிலியும் சர்க்கரை போட்ட காப்பியும் நாகரிகம் என்றார்கள். இப்போது அதே தானியத்தைப் பொட்டலம் கட்டி "முன்னோர் மருந்து" என்று விற்றால் கும்பிட்டு வாங்குகிறார்கள். வெட்கமும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். கொல்லிமலைச் சாமையானாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் ஏறும். நைசாய் அரைத்த கேழ்வரகுக் கஞ்சியில் வெல்லம் போட்டால் சீக்கிரமே ஏறும், வெல்லமும் சர்க்கரையே. இட்டிலியைத் தள்ளிவிட வேண்டியதுமில்லை. இரண்டைக் குறைத்து, கெட்டிச் சாம்பாரும் ஒரு கை சுண்டலும் அல்லது ஒரு முட்டையும் சேர்த்தால் போதும். இந்தச் சுண்டலும் முட்டையும் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மிச்சம் மீதி என்ற அக்கிரமம் கூடாது.

இன்னொன்று, இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் விரதம் என்று காலையில் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு மீறி இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. பொடி வியாபாரி பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்துவது அதைவிட மோசம். அரசாங்கம் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வந்தால் கூசாமல் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

நாம் சொல்லுவதற்காகவும் எதையும் நம்ப வேண்டியதில்லை. கருவி கிடைத்தால், ஒருநாள் வழக்கமான பலகாரத்தையும் மறுநாள் மாற்றிய பலகாரத்தையும் தின்று, தின்பதற்கு முன்னும் இரண்டு மணி கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள். எத்தனை மணிக்குப் பசித்தது என்பதையும் குறித்து வையுங்கள். தலையெழுத்தை யாரும் வாசித்ததில்லை. இந்த எழுத்தை நீங்களே வாசிக்கலாம்.