பொன்னுருவி: திரிபா, வாசிப்பா?

போக்கிமான் விளையாட்டு 1996இல் வெளிவந்தபோது அதன் நாயகன் ஒரு சொல்லும் பேசாதவனாகவே படைக்கப்பட்டிருந்தான். 1999இல் வந்த அடுத்த விளையாட்டில் ஒரு மலையில் தனியே நிற்கும் அவன், அங்கும் வாய் திறப்பதில்லை. அம்மௌனத்துக்குக் காரணம் கற்பித்து விளையாடியோரே கதைகள் எழுதினர். இத்தகைய ரசிகர் படைப்புகளைக் கணினிக் காலத்தின் புதுமை என்று கருதுவோர், அம்மையார்குப்பத்தைச் சூழ்ந்த திருத்தணிப் பகுதி ஊர்களில் திரௌபதி அம்மன் விழாக் கூத்தினை ஓரிரவு கண்டிருத்தல் நன்று.

வியாச பாரதத்தில் கர்ணனின் மனைவியர்க்குப் பெயர் இல்லை. அதிரதன் சூதர் குலத்திலிருந்து தனக்கு மணம் செய்வித்ததாகக் கர்ணன் கண்ணனிடம் கூறுவதும், அவன் உடலைச் சூழ்ந்து அவர்கள் அழுவதுமே நாம் அறிவன. 'கர்ண மோட்சம்' கூத்திலோ அவள் பொன்னுருவி, அரசகுலத்தாள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதை எண்ணிப் புழுங்குபவள். பதினேழாம் நாட் போருக்கு விடைபெற வந்தவனைப் பிறப்பைச் சுட்டி இகழ்கிறாள். அவன் குந்தியின் மகன் என்று அறிந்தபின் போக விடாது கலங்குகிறாள். அவைக்களத்தில் கர்ணன் பட்ட அவமதிப்பு இங்கே அவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. குலத்தை மாற்றிய ஒரே செயலால் கூத்து இதனைச் சாதித்தது. இதனை அறியாமையால் நேர்ந்த பிழை என்று கொள்ள இயலாது. விழாவில் பகற்பொழுதில் வில்லிபாரதச் சொற்பொழிவு கேட்டவர்களே இரவில் கூத்தும் காண்கின்றனர்.

ஆயினும் நம் ஆய்வேடுகள் இதனை 'மூலத்தினின்று திரிந்தது' என ஒரு வரியில் குறித்துக் கடந்துவிடுகின்றன. புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகையை மீண்டும் கல்லாக்கியதை 'மறுவாசிப்பு' என்கிறோம். எழுத்தாளன் செய்தால் வாசிப்பு, கூத்தன் செய்தால் திரிபு என்னும் இவ்வேறுபாட்டுக்கு இலக்கியக் காரணம் எதனையும் நான் காணவில்லை. புகழேந்திப்புலவர் பெயரால் வழங்கும் இப்பனுவலின் ஆசிரியர் யார் என்னும் விவாதத்துக்குத் தந்த இடத்தில் பாதியேனும் பொன்னுருவிக்குத் தந்திருக்கலாம்.

விரிவாக்கம் அனைத்தும் ஆழமாகிவிடும் என்பது என் கருத்தன்று. பொன்னுருவியின் மனமாற்றமே ஐயத்துக்குரியது. கர்ணன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருப்பின் அவள் கலங்கியிருப்பாளா? கூத்து இவ்வினாவை எழுப்பியும் விடை கூறாது நழுவுகிறது என்பதே என் வாசிப்பு. எனினும் வியாசரின் பெயரற்ற மனைவியரிடம் இவ்வினாவை நாம் கேட்கவே இயலாது.

அச்சுப்பிரதியில் இல்லாத வசனங்களை மேடைதோறும் நடிகர்கள் சேர்க்கின்றனர். விடைபெறும் இக்காட்சியில் ஒவ்வொரு குழுவும் பொன்னுருவியை என்ன பேசவைக்கிறது என்பதை ஊர், நாள், நடிகர் குறிப்புகளுடன் பதிவுசெய்து, உரைவேறுபாடுகளுக்குத் தரும் அதே மதிப்புடன் பதிப்பிக்கும் பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம்.