கல்லூரி விழாவும் கடைக் கணக்கும்



பொங்கல் முடிந்து கடை திறந்ததும், வாடிக்கையாளர்களோடு இன்னொரு கூட்டமும் நம் படியேறத் தொடங்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல், முகத்தில் கொஞ்சம் தயக்கம். "அங்கிள், எங்க காலேஜ்ல கலைவிழா நடத்துறோம், ஸ்பான்சர் பண்ணுவீங்களா?" என்று கேட்பார்கள்.

நம்மில் பலர் அப்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "முதலாளி வெளியூர் போயிருக்கார், அப்புறம் வாங்க" என்று, முதலாளியே உட்கார்ந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம். இல்லையென்றால் தொல்லை விட்டால் போதும் என்று 500 ரூபாயை நீட்டுகிறோம். இரண்டும் தவறு என்பது என் தாழ்மையான கருத்து. வந்திருப்பவர்கள் யாசகம் கேட்கும் கூட்டமல்ல. வாழ்க்கையில் முதன்முதலாகப் பிறர் பணத்தைக் கையாளப் போகும் பிள்ளைகள். அவர்களோடு நாம் வியாபாரியாகவே பழக வேண்டும். கணக்குக் கேட்க வேண்டும், கணக்குக் கொடுக்கவும் வேண்டும்.

நான் திருநீர்மலையில் இருந்துகொண்டு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்துக் கடைகளுக்கு வாழையிலை, தையல் இலை, பாக்குமட்டைத் தட்டு மொத்தமாகக் கொடுத்து வருகிறேன். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. கல்லூரிக்குள் நான் போனதெல்லாம் சரக்கு இறக்கத்தான். ஆனாலும் நம் வட்டாரம் கல்லூரிகளின் வட்டாரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அதன் 'டீப்வுட்ஸ்' கலைவிழா மாணவர்களிடையே பெயர் பெற்றது. அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-ல் தொடங்கியவர் சி. ராஜம் என்ற தொழிலதிபர். அதற்காகத் தம் சொந்த வீட்டையே விற்றவர் அவர். ஆகவே கல்லூரிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் மன்றத்துச் செயலாளர் என் கிடங்குக்கு வந்தார். நல்ல பையன். இரண்டு நாள் விழாவுக்குத் தட்டும் இலையும் வேண்டும் என்றார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். "இரண்டாயிரம் பேர் வருவாங்க, அங்கிள்" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. 14,600 ரூபாய்க்குச் சரக்கு போயிற்று. அட்வான்ஸ் வாங்கவில்லை. சிட்டையில் கல்லூரியின் பெயருக்குப் பதிலாக 'செயலாளர் தம்பி' என்று எழுதி வைத்தேன். கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை மாட்டியிருக்கிற நானேதான் அப்படிச் செய்தேன்.

வந்த கூட்டம் அவர் சொன்னதில் பாதிதான். நுழைவுச் சீட்டில் எதிர்பார்த்த பணம் வரவில்லை. மேடை, ஒலிபெருக்கி, விளக்கு என்று கண்ணுக்குத் தெரிந்த செலவுகளுக்கெல்லாம் பணம் போய்விட்டது. இலைக்காரன் கடைசி ஆள் ஆனேன். அடுத்த மாதம் தேர்வு. அதற்கடுத்த மாதம் அந்தத் தம்பி படிப்பை முடித்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை.

மறு வருஷம் அதே கல்லூரியிலிருந்து புதிய குழு வந்து ஆர்டர் கேட்டது. கோபத்தில் நாலு வார்த்தை கடுமையாகவே பேசிவிட்டேன். மற்றவர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். பொருளாளராக வந்திருந்த ஒரு மாணவி மட்டும் நோட்டை எடுத்து, "எந்தத் தேதி, எவ்வளவு, பில் காப்பி இருக்கா ஐயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "போன வருஷக் கணக்கு எங்ககிட்ட எதுவுமே இல்லை ஐயா. ஒரு பழைய பேனரைத்தான் கொடுத்துட்டுப் போனாங்க" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஒரு ஆசிரியரோடு வந்தார். அந்த வருஷத்து விழாவில் ஒரு நாள் மாலை நிகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டார்கள். மீதமான பணத்தில் என் பாக்கியை மூன்று தவணையாகத் தீர்த்தார்கள். யாரோ பட்ட கடனுக்கு இவர்கள் தங்கள் விழாவைச் சுருக்கிக்கொண்டார்கள். பணம் வந்த சந்தோஷத்தைவிட வெட்கம்தான் எனக்கு அதிகம். பிழையில் பாதி என்னுடையது. முறையான சிட்டை ஒன்று கொடுத்திருந்தால் அது அவர்கள் ஃபைலில் இருந்திருக்கும்.

நம் கடையில் மகன் பொறுப்பேற்றாலும் பேரேடு அப்படியே இருக்கிறது. கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் அதில் இருக்கும். மாணவர் மன்றத்தில் வருஷத்துக்கு வருஷம் முதலாளி மாறுகிறார், பேரேடோ இல்லை. பல விழாக்கள் கடனில் முடிவதற்கு இதுதான் காரணம். பிள்ளைகளுக்குப் புத்தி இல்லை என்று சொல்வது சரியல்ல.

எழுதி வைத்து நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சாரங்' கலைவிழாவையும் 'சாஸ்த்ரா' தொழில்நுட்ப விழாவையும் மாணவர்களே நடத்துகிறார்கள். அதில் சாஸ்த்ரா ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்றது. தொழிற்சாலைகள் வாங்குகிற அதே சான்றுதான். அதன் சாரம் நமக்குப் புரியாததல்ல. எந்த வேலைக்கு யார் பொறுப்பு, எப்படிச் செய்வது, செய்தது சரியாக இருந்ததா என்பதை எழுதி வைப்பது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தொடங்கலாம். நம் கோயில் உற்சவங்களில் இன்ன நாள் மண்டகப்படி இன்னாருடையது என்று தலைமுறை தலைமுறையாக நடப்பதும் இந்த முறையில்தான். உபயதாரர் மாறலாம், ஏற்பாடு மாறுவதில்லை.

இது வெறும் பணப் பிரச்சினையாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை மறந்துவிடக்கூடாது. மாணவர்களின் தொழில்நுட்ப விழாவில் மாலை இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மழை வந்தது. வெளியே நின்ற கூட்டம் அரங்கத்தின் வாயிலை நோக்கி நெருக்கியடித்தது. வாயிலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிகள். முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். நான்கு பேர் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் அங்கே படித்த மாணவர்கள்.

எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வருவார்கள், மழை வந்தால் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டிய விஷயம் அது. நாம் தட்டுக்காகக் கேட்கிற "எத்தனை பேர்?" என்ற கேள்விதான் வாயிலுக்கும், குடிநீருக்கும், ஆம்புலன்சுக்கும் உரிய கேள்வி. 'இரண்டாயிரம்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் பிள்ளையிடம், "போன வருஷம் எத்தனை சீட்டு விற்றது? எழுதியிருக்கிறதா?" என்று நாம் கேட்டால், அது ஒரு பெரிய உதவி. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே நமது சங்கத்தின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கல்லூரி விழா ஆர்டருக்கு என்று ஒரே பக்கத்தில் ஒரு படிவம் அச்சிட வேண்டும். கல்லூரியின் பெயர், விழாத் தேதி, எதிர்பார்க்கும் கூட்டம், அந்த எண்ணுக்கு ஆதாரம், செயலாளர் கையெழுத்து, பொறுப்பாசிரியர் கையெழுத்து. ஒரு பிரதி கடைக்கு, ஒன்று மாணவர் மன்ற ஃபைலுக்கு, ஒன்று கல்லூரி அலுவலகத்துக்கு.

இரண்டு: பாதிப் பணம் முன்பணம், மீதி சரக்கு இறக்கும்போது. இதை எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். நான் கண்டிப்பாக இருந்து, பக்கத்துக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தால் அவருக்கும் பலனில்லை, பிள்ளைகளும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று: கண்டிப்பு மட்டும் போதாது. கட்டுப் பிரிக்காத தட்டை இரண்டு நாளுக்குள் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுப்போம். வாழையிலைக்கு இது ஆகாது, பாக்குமட்டைக்கு ஆகும். கூட்டம் குறைந்தாலும் அவர்கள் கடனில் விழமாட்டார்கள்.

நான்கு: மலிவாக வேண்டும் என்று பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் கப்பும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அவை தடை செய்யப்பட்ட சரக்கு. இல்லை என்று சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள்.

ஐந்து: ஸ்பான்சர் செய்ய விரும்பினால் மனமாரச் செய்யுங்கள். ஆனால் எவ்வளவு, அதற்குப் பதிலாக நம் கடைப் பெயர் எங்கே வரும் என்பதை எழுதி வாங்குங்கள். சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அந்தச் சரக்குக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். விழா முடிந்தபின் வரவு செலவுக் கணக்கின் ஒரு நகலைக் கேளுங்கள். அதைக் கொடுத்த குழுவுக்கு அடுத்த வருஷம் முதல் மரியாதை.

"இவ்வளவு கெடுபிடி செய்தால் வரும் வியாபாரமும் போய்விடுமே" என்று சிலர் கேட்கக்கூடும். என் அனுபவம் வேறு. எனக்குப் பாக்கியைத் தீர்த்த அந்தக் கல்லூரி இன்றும் என்னிடம்தான் வாங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். அந்த மாணவி எழுதத் தொடங்கிய நோட்டு கையோடு வருகிறது. போன முறை வந்தவர்கள் அதைப் பார்த்து, "போன வருஷம் 1,150 தட்டுதான் செலவாச்சு ஐயா, 1,300 போதும்" என்றார்கள். கட்டுக்கட்டாய்க் கூடுதலாக விற்றிருக்கலாம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் வந்த மதிப்பு பெரிது.

வரும் பொதுக்குழுவில் இந்தப் படிவத்தைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஃபைலோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உட்காரவைத்து, "எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.