குளவியை அடிக்கும் முன் கொஞ்சம் பாருங்கள்!



குளவியைப் பார்த்தால் நாம என்ன செய்வோம்? ஓடுவோம், இல்லாட்டி துடைப்பத்தை எடுப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். கோடை விடுமுறையில் எங்க வீட்டு ஜன்னலில் ஒரு குட்டி மண்கூடு இருந்தது. சொப்புப் பானை மாதிரி அதற்குக் கழுத்துகூட இருந்தது. "குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பொறக்கும், கலைக்காதடி" என்று எங்க ஆயா சொன்னாங்க. நான் கேட்கவில்லை. துடைப்பக் கட்டையால் தட்டிவிட்டேன்.

உடைந்த கூட்டுக்குள் பச்சைப் புழுக்கள் லேசாக நெளிந்தன. கொஞ்ச நேரத்தில் தாய்க்குளவி வந்தது. கூடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. என்னைக் கொட்டவே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை இல்லையாம். குளவி புழுவைக் கொட்டி மயங்க வைக்கும், கொல்லாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுதான் சோறு. செத்த புழு அழுகிவிடும் அல்லவா? இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர் ழான் ஆன்ரி ஃபாபர் (1823-1915). பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பூச்சிகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். பானை கட்டும் குளவி தன் முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிடுவதையும் அவர் கண்டார். காளான்களை வண்ணப் படங்களாகவும் வரைந்தார்.

இதை அறிவியல் டீச்சர் சொன்னதிலிருந்து நானும் ஒரு நோட்டில் பூச்சிகளை வரைகிறேன். முதல் படத்தில் குளவிக்கு 2 இறக்கை போட்டேன். உற்றுப் பார்த்தால் 4 இருக்கு! தேனீக்கு உடம்பெல்லாம் ரோமம், குளவிக்கு ஒல்லி இடுப்பு. வரையணும்னா பார்க்கணும். பார்க்கப் பார்க்கப் பயம் குறையுது.

"கொட்டினா யார் பொறுப்பு?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். கதண்டுக் கூட்டையும் மலைத்தேனீக் கூட்டையும் நெருங்கவே கூடாது, கல்லும் எறியக் கூடாது. பெரியவர்களிடம் சொன்னால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். கொட்டி யாருக்காவது மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனால் ஜன்னல் ஓரத்து மண்கூடு அப்படி இல்லை. அந்தத் தாய் தனியாகத்தான் கட்டுது. நாம பிடிக்கவோ நசுக்கவோ போனால்தான் கொட்டும்.

செடியைத் தின்னும் புழுவைக் குளவி குறைக்குது. தேனீ வராவிட்டால் பூசணி காய்க்காது. கடுகளவுக் குளவி உள்ளே போகாவிட்டால் ஆலம்பழத்தில் விதை இருக்காது. இவ்வளவு வேலை செய்பவர்களுக்கு நாம கொடுக்கும் கூலி துடைப்பக் கட்டையா?

என் கருத்து இதுதான். ஓவியப் பாடவேளையில் எப்போதும் மாம்பழமும் குடமும்தான் வரைகிறோம். மாதத்தில் ஒரு நாளாவது தூர நின்று பார்த்து ஒரு பூச்சியை வரைவோம். நம் வகுப்பறை ஜன்னலில் உள்ள மண்கூட்டை அது காலியாகும் வரை விட்டுவைப்போம்.

நான் உடைத்த கூட்டை நினைவிலிருந்து வரைந்து கீழே ஒட்டியிருக்கிறேன். பாருங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி